மச்சான் சைக்கிளும் என் மூச்சும்

முதலில் குறைந்தது எண்ணிக்கைதான். வலி அதற்குப் பிறகுதான் வந்தது.

தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிக்கிறவனாக இருந்தேன். காலடியில் ஒரு கல், இடுப்பில் ஒரு கயிறு. கல்லோடு எட்டுப் பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) ஆழத்துக்கு இறங்கி, மணலைத் தடவிச் சங்கு எடுத்து, மூச்சு தீரும் நேரத்தில் கயிற்றை ஆட்டினால் மேலே தோணியில் நிற்பவர் இழுத்து எடுப்பார். அந்தக் கயிற்றைப் பிடிப்பவர் பெரும்பாலும் மனைவியின் கூடப்பிறந்தவராகத்தான் இருப்பார். தங்கச்சி தாலி தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தவன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு பீடி பற்ற வைக்க மாட்டான். எங்கள் ஆட்கள் விவரமானவர்கள்.

என் கயிறு பதினாறு வருஷமாகச் சூசை மச்சான் கையில் இருந்தது. என் மனைவி பிலோமினாவின் அண்ணன். நான் தண்ணீருக்குள் போனதும் அவர் வாய்க்குள்ளேயே எண்ண ஆரம்பிப்பார். எழுபது எண்ணும் வரை நான் சாதாரணமாகக் கீழே இருப்பேன். வீம்பு வந்துவிட்டால் எண்பதும் உண்டு. எனக்கு வீம்பு அடிக்கடி வரும்.

உலக யுத்தம் முடிந்த பிறகு வந்த ஒரு மாசி மாதத்தில், நாற்பதிலேயே கயிற்றை ஆட்டினேன்.

"என்ன மாப்ள, நாப்பதுலயே ஆட்டிட்ட? கீழ சுறா கிறா கண்டியா?"

"ஒண்ணுமில்ல மச்சான். வலது வெலாவுல ஒரு குத்து. மூச்ச இழுக்க முடியல."

"நேத்து தின்ன நண்டு வேலயக் காட்டுது" என்றார் அவர். நானும் நண்டின் மேலேயே பழியைப் போட்டுவிட்டு மறுபடி இறங்கினேன்.

நண்டு பாவம். பத்து நாள் சாயங்காலம்தோறும் காய்ச்சல் வந்தது. மூச்சை இழுத்தால் விலாவில் ஊசி ஏறியது. அதன் பிறகு வலி தானாகவே குறைந்தது. சுகமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் வாசலிலிருந்து கிணற்றடி வரை நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. இதைப் படிக்கும் உங்களுக்கும் இப்படி வலி நின்று இளைப்பு கூடியிருந்தால், என்னைப் போல் சந்தோஷப்பட்டுக்கொண்டு இருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

என்னைப் பிலோமினா இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் சங்கரலிங்கம் என் முதுகில் ஒரு விரலை வைத்து, மறு கை விரலால் அதன் மேல் தட்டினார். இடப்பக்கம் காலிக் குடத்தைத் தட்டிய சத்தம் கேட்டது. வலப்பக்கம் நிறைகுடம். இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு 'ப்ளூரிசி' என்றார் (நுரையீரலைச் சுற்றியிருக்கும் மெல்லிய இரட்டை உறை வீங்குவது). வீக்கத்தோடு நிற்காமல் உறைக்குள் நீரும் கோத்திருந்தது. முதலில் குத்தியது உறையின் இரு மடிப்புகளும் உரசியதால். பிறகு வலி நின்றது, நடுவில் நீர் புகுந்து இரண்டையும் விலக்கிவிட்டதால். அந்த நீர்தான் நுரையீரலை விரியவிடாமல் அமுக்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னை முன்பக்கமாகச் சாய்த்து உட்காரவைத்து, இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு பெரிய ஊசியைச் செலுத்தி அந்த நீரை எடுத்தார்கள். தேன் நிறத்தில் இருந்தது. கூஜா முக்கால்வாசி நிறைந்தது. இருபது வருஷம் கடலுக்குள் கிடந்தபோது ஒரு சொட்டுத் தண்ணீரை உள்ளே விட்டதில்லை நான். கரையில் இருந்தவனுக்குள் கூஜா அளவு எப்படிப் புகுந்தது என்று எனக்கு ஒரே அவமானமாக இருந்தது.

க்ஷயமா (காசநோயா) என்று பிலோமினா கேட்டாள். நான் கேட்கப் பயந்த கேள்வி அது. சளியை மூன்று தடவை சோதித்திருந்தார்கள்.

"கிருமி தெரியலைம்மா. தெரியலைன்னா இல்லைன்னு ஆகாது" என்றார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பி, "இருக்குன்னு வச்சுக்கிட்டே ஆறு மாசம் படும். எந்திரிக்கக் கூடாது" என்றார்.

படுத்தேன். இந்த ஆறு மாதத்தைப் பற்றி நீட்டி எழுத எதுவும் இல்லை. படுத்துக் கிடந்தவர்களுக்கு அது தெரியும், கிடக்காதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. எனக்கென்று தனித் தட்டு, தனித் தம்ளர். தினமும் மீன் எண்ணெய், முட்டை, பால். வீட்டுக்கு வந்தவர்கள் வாசலில் நின்றே நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். பிலோமினா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து என் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். "என்னளா பாக்க?" என்று எரிந்து விழுவேன். "சும்மாதான்" என்பாள். அவள் மாதாவுக்கு எத்தனை மெழுகுதிரி நேர்ந்துகொண்டாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம் மாதம் இன்னொரு தடவை நீர் எடுத்தார்கள். அப்புறம் சேரவில்லை. ஆவணியில் காய்ச்சல் முற்றிலும் நின்றது. நுரையீரலை விரியவைக்க டாக்டர் ஒரு வித்தை கற்றுக்கொடுத்தார். இரண்டு பாட்டில்கள், நடுவில் ரப்பர் குழாய். ஒன்றில் தண்ணீர் இருக்கும். ஊதி ஊதி அதை அடுத்த பாட்டிலுக்கு மாற்ற வேண்டும், பிறகு திரும்ப இங்கே கொண்டுவர வேண்டும். வேலைவெட்டி இல்லாதவன் கண்டுபிடித்த வேலை என்று திட்டிக்கொண்டே ஊதினேன். முதல் வாரம் பாதி பாட்டில்கூட நகரவில்லை. ஐப்பசியில் முழு பாட்டிலும் நகர்ந்தது.

அன்றைக்குத்தான் டாக்டர் அதைச் சொன்னார்.

"தொம்மை, இனி நீர் கடல்ல முங்கக் கூடாது."

"எவ்வளவு நாளைக்குங்க?"

"உயிரோட இருக்க ஆசை இருக்கிற நாள் வரைக்கும்."

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. நாக்கை நீட்டச் சொன்னால் மட்டும் நீட்டினேன்.

கீழே இறங்க ஆள் இல்லாமல் கயிற்றுக்கு என்ன வேலை? நான் இல்லாமல் சூசை மச்சான் வேறு யாருக்கும் கயிறு பிடிக்கச் சம்மதிக்கவில்லை. கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பாய்த்தோணி ஒன்றில் ஆளாகச் சேர்ந்துவிட்டார். காற்று கூடிவந்தால் போய்வர இரண்டு வாரம். காற்று மாறினால் மூன்று, நான்கு வாரம்கூட ஆகும்.

எனக்கு ஒரு வேலை வந்தது. பிடித்துவரும் சங்குகளைப் பார்த்துப் பிரிக்கும் கிடங்கில் ஆள் தேவைப்பட்டது. புழு அரித்தது எது, நல்ல வெள்ளைச் சங்கு எது, அளவு பார்க்கும் வளையத்துக்குள் நுழைந்துவிடும் சிறிசு எது என்று பிரிக்க வேண்டும். உட்கார்ந்து செய்யும் வேலை, கண் நன்றாக இருந்தால் போதும். கிடங்கு மேஸ்திரி ஆறுமுகம் அண்ணாச்சி என்னை அறிந்தவர்.

"தையிலயிருந்து பங்குனி முடிய வந்து பாரும்" என்றார். "ஆள் தொணையில்லாம நீராவே வரணும், நீராவே போணும். பங்குனி கடைசியில டாக்டர் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா நிரந்தரம். இல்லைன்னா என்னக் கொற சொல்லப்படாது வே."

குறை சொல்ல என்ன இருக்கிறது? அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் நான் முப்பத்தேழு வயதில், பெண்டாட்டி பின்னும் வலையை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதைவிட அந்தக் கூஜாத் தண்ணீரே மேல் என்று நினைத்தேன்.

வீட்டிலிருந்து கிடங்கு மூன்று மைல். நடந்தால் நடுவில் நான்கு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. உப்பு வண்டியில் ஏறிப் போனால் வண்டிக்காரர் கிளம்பும் நேரம்தான் நம் நேரம். வாரத்தில் இரண்டு நாள் பிந்திப் போனேன். அப்போதுதான் மச்சான் தன் சைக்கிளை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். யுத்தகாலத்தில் யாரிடமோ வாங்கியது. டயரில் ஒட்டு மேல் ஒட்டு, மணி மட்டும் புதிது.

"நான் கரையில இருந்தா எனக்கு, கடல்ல இருந்தா ஒனக்கு" என்றார்.

டாக்டரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, நல்லதுதான் என்றார். மெதுவாக மிதித்தால் நுரையீரலின் அடிப்பாகம் வரை காற்று போகுமாம். "ஆனா தினமும் வேண்டாம். வாரத்துல ரெண்டு நாள். மத்த நாள் வண்டியில போம். வீம்பு பண்ணாதேயும்." அவருக்கும் என்னைத் தெரிந்துவிட்டது.

எனக்குச் சைக்கிள் விடத் தெரியாது என்பதை அவரிடம் சொல்லவில்லை. கடலுக்கடியில் கண்ணைத் திறந்துகொண்டு நடமாடுகிறவனுக்கு இது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் மூன்று நாள் விழுந்தேன். மச்சான் சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். நான்காம் நாள் எனக்கு வந்துவிட்டது, ஆனால் அவர் விடவில்லை.

"விடுங்க மச்சான்!"

"ஆட்டு, விடுதேன்."

"எதை ஆட்ட?"

"மணிய ஆட்டு. நீ ஆட்டாம நான் என்னைக்கு விட்டிருக்கேன், என்னைக்கு இழுத்திருக்கேன்?"

மணியை அடித்தேன். விட்டார். பிலோமினா வேலியோரம் நின்று கைகொட்டிச் சிரித்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

மச்சானின் தோணி கிளம்பிய மறுநாள் முதன்முதலாகச் சைக்கிளில் வேலைக்குப் போனேன். தூக்குச்சட்டியைப் பின்னால் கேரியரில் வைத்து, என் பழைய கயிற்றிலிருந்து வெட்டிய ஒரு துண்டால் பிலோமினா இறுகக் கட்டிக்கொடுத்தாள். எங்கும் உட்காரவில்லை. கிடங்குக்கு மணி அடிப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்து, மேஸ்திரி அண்ணாச்சி பார்க்கும்படியாகச் சைக்கிளை நிறுத்தினேன். அன்று சாயங்காலம் வாடைக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ள, வீட்டுக்கு வந்தது எனக்கே தெரியவில்லை. உயிர் திரும்பி வந்துவிட்டது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த வாரம் விழுந்தேன்.

உப்பளம் விரிகிற இடத்தில் பாதையின் இருபுறமும் ஒரு மரம் கிடையாது. காலையில் போகும்போது வாடை நேர் எதிராக அடிக்கும். அன்று கொஞ்சம் பலமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். கண்ணுக்கு முன்னால் உப்புப் பாத்திகள் கறுத்துக்கொண்டே வந்தன. கண் விழித்தபோது முகத்தில் மணல், காலுக்கு மேல் சைக்கிள். சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது, அதனால் ரொம்ப நேரம் ஆகியிருக்காது.

தட்டிவிட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. இது நான் செய்த பெரிய மடத்தனம். சொல்லியிருந்தால் ஒரு மாதப் பயம் மிச்சமாகியிருக்கும். முழங்கை சிராய்ப்பைப் பார்த்து பிலோமினா கேட்டபோது, ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது என்றேன். உப்பளத்தில் ஆட்டுக்குட்டிக்கு என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

இரண்டாவது தடவை அதே இடம். இந்த முறை உப்பு வண்டி பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. வண்டிக்காரர் என்னையும் சைக்கிளையும் தூக்கிப் போட்டுக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்.

டாக்டர் மறுபடி தட்டினார். நிறைகுடச் சத்தம் இல்லை. ஸ்டெதாஸ்கோப்பை மார்பிலும் முதுகிலும் மாற்றி மாற்றி வைத்தார். நெற்றியைச் சுருக்கினார். எந்த டாக்டரும் இனி என் எதிரில் நெற்றியைச் சுருக்க வேண்டாம்.

"நெஞ்சு சுத்தமாத்தான் இருக்கு. எதுக்கு மயக்கம் வருதுன்னு எனக்குத் தெரியலை, தொம்மை. இருதயமா இருக்கலாம். சைக்கிள் வேண்டாம், வேலையும் வேண்டாம். மூணு வாரம் படும். மதுரைக்கு எழுதுதேன், அங்க எக்ஸ்ரே எடுத்துப் பாப்போம்." (எக்ஸ்ரே என்பது உடம்புக்குள் ஊடுருவி எடுக்கும் படம்.)

"பங்குனிக்குள்ள கையெழுத்து?"

அவர் பேனாவை எடுத்து மதுரைக்கு எழுத ஆரம்பித்தார். தெரியாததைத் தெரியாதென்றே சொன்னதற்காக இன்றைக்கு அவரை மதிக்கிறேன். அன்றைக்கு வெறுத்தேன்.

மறுபடி அதே கட்டில், அதே விட்டம். முதல் தடவை படுத்தபோது எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. இந்தத் தடவை பயந்தேன். எழுந்து நடந்து, சைக்கிள் மிதித்து, மணலில் விழுந்து கிடந்தவன் நான். உடம்பு என்னை ஏமாற்றிவிட்டது என்று நினைத்தேன். பகலிலேயே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன். பிலோமினா வலை பின்னுவதை நிறுத்திவிட்டு, என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் மச்சான் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தார். வாசலில் ஹேண்டில் வளைந்து நின்ற சைக்கிளைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். பிலோமினா எல்லாவற்றையும் சொன்னாள்.

"எங்கன விழுந்த?" என்றார்.

"உப்பளத்துல. ரெண்டு தடவையும் அங்கனதான்."

"எந்திரி. காட்டு."

"அண்ணே, டாக்டர் படுக்கச் சொல்லியிருக்காரு" என்றாள் பிலோமினா.

"நான் கூட இருக்கேம்லா? ஏளா, நீயும் வா. விழுந்தா பிடிக்க ரெண்டு பேரு இருக்கோம்."

டாக்டர் சொல்லை மீறியது தப்பு. நீங்கள் யாரும் இதைச் செய்யாதீர்கள். நான் செய்தேன், எழுதுவதானால் உள்ளதை எழுத வேண்டுமல்லவா?

அவர் வளைந்த ஹேண்டிலை முழங்காலில் வைத்து நிமிர்த்தினார். உப்பளம் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மூவரும் மெல்ல நடந்தோம். வாடை அடித்துக்கொண்டிருந்தது. நான் ஏறி மிதித்தேன். மச்சான் வலப்பக்கம் கூடவே ஓடிவந்தார். என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடினார்.

கொஞ்ச தூரம் போனதும் ஒரு முணுமுணுப்புக் கேட்டது.

"முப்பத்தொண்ணு... முப்பத்திரெண்டு... முப்பத்திமூணு..."

அவர் எண்ணிக்கொண்டிருந்தார். அவருக்கே தெரியாமல் எண்ணிக்கொண்டிருந்தார். ஓடுகிற ஓட்டத்தில் எண்ணிக்கை வாய்க்கு வெளியே வந்துவிட்டது. நாற்பதைத் தொட்டதும் அவர் குரல் நின்றது. ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்துச் சைக்கிளை மடக்கி நிறுத்தினார்.

"மூச்ச விடுலே!"

பதினாறு வருஷத்தில் அவர் என்னை 'லே' போட்டுக் கூப்பிட்டது அன்றைக்கு மட்டும்தான்.

"நான் எண்ணுதேன் பாத்தியா? ஏன் எண்ணுதேன்? நீ தண்ணிக்குள்ள இருக்க மாதிரி இருக்க. கன்னம் உப்பிக் கெடக்கு, கழுத்து நரம்பு பொடச்சு நிக்கி. காத்து வந்த ஒடனே வாயக் கட்டிட்ட. நாப்பது எண்ணி முடிச்சேன், நீ ஒரு மூச்சு விடல."

"நான் விட்டுக்கிட்டுத்தான இருந்தேன்" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இல்லீங்க" என்றாள் பின்னால் ஓடிவந்த பிலோமினா. அவளுக்கு இளைத்தது. "தண்ணிக்கொடம் தூக்கும்போதும் நீங்க அப்பிடித்தான். கட்டிலை நகட்டும்போதும் அப்பிடித்தான். ஒரு வருசமா ஒங்க நெஞ்சையேதான பாத்துக்கிட்டிருக்கேன்."

யோசித்துப் பார்த்தேன். பதினேழு வயதிலிருந்து எனக்குத் தெரிந்த கடினமான வேலை ஒன்றே ஒன்றுதான். அதை மூச்சடக்கிச் செய்ய வேண்டும். ஆகவே கஷ்டம் என்று உடம்புக்குத் தோன்றிய உடனே அது வாயைப் பூட்டிக்கொண்டது. பாட்டிலை ஊதும்போது பூட்ட வழியில்லை. முதுகில் காற்று தள்ளும்போது கஷ்டமில்லை. எதிர்க்காற்றில்தான் நான் கடலுக்கடியில் இருந்தேன். நடுப்பாதையில் நின்று சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. சிரிப்பது என்றால் மூச்சு விடுவதுதானே? நல்ல வைத்தியமாக இருந்தது.

அன்று மத்தியானமே டாக்டரிடம் போனோம். படுக்கச் சொல்லியும் உப்பளத்தில் சைக்கிள் விட்டதற்கு அவர் கால்மணி நேரம் திட்டினார். பிறகு என்னை மேசையைத் தள்ளச் சொல்லி, மூச்சை அடக்கிக்கொள்ளச் சொல்லி, மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நாடி மெலிந்துகொண்டே போனது. மூச்சை விட்டதும் திரும்பி வந்தது.

"மூச்சைக் கட்டிக்கிட்டு முக்கினா நெஞ்சுக்குள்ள அழுத்தம் கூடும். ரத்தம் இருதயத்துக்குத் திரும்பி வராது. அங்க வரலைன்னா தலைக்கு எப்படிப் போகும்? அதான் மயக்கம்." ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றினார். "கடலுக்குள்ள நீரு முக்கலை, மெதக்குற மாதிரி வேலை செஞ்சீரு. அதனால அங்க மயக்கம் வரலை. இது நோய் இல்ல வே. தொழில்."

மதுரையில் படமும் எடுத்தோம். அவர் விடவில்லை. வலது நுரையீரலின் அடியில் ஒரு தழும்பு இருந்தது. இருதயம் இருக்க வேண்டிய அளவில் இருந்தது.

இனி மூச்சை எப்படி விடுவது? கேட்கச் சிரிப்பாக இருக்கும். நினைத்து நினைத்து மூச்சு விட்டுப் பாருங்கள், பத்து நிமிஷத்தில் பைத்தியம் பிடிக்கும். மச்சான்தான் வழி சொன்னார். தோணியில் பாய் ஏற்றும்போதும் நங்கூரம் இழுக்கும்போதும் ஆட்கள் சேர்ந்து அம்பா பாடுவார்கள். கையும் வாயும் ஒன்றாக வேலை செய்யும் பாட்டு அது.

"பாடிட்டு மிதி. பாடுதவன் மூச்ச அடக்க முடியாது."

"எனக்கு எங்க பாட வரும்? நான் கீழ கெடந்தவன். மேல நின்னவங்கள்லா பாடுனீங்க."

"இப்ப மேல வந்துட்டேல்லா? பாடு."

டாக்டரும் ஒத்துக்கொண்டார். "பாடும், செபமாலை சொல்லும், என்னைத் திட்டும். வாய் தெறந்திருந்தா எனக்குப் போதும்."

மச்சான் மறுபடி கடலுக்குப் போனார், சைக்கிள் எனக்கு வந்தது. வாரத்தில் இரண்டு நாள், சில வாரம் ஒரே நாள். உப்பளம் வந்ததும் 'ஏலேலோ' என்று ஆரம்பிப்பேன். என் குரல் சங்கு ஊதும் குரல்கூட இல்லை, சங்கைத் தரையில் தேய்க்கும் குரல். முதல் நாள் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இரண்டாம் நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள், நான் ஒரு அடி பாடி நிறுத்திய இடத்தில், பாத்திக்குள்ளிருந்து ஒருத்தி எதிர்ப்பாட்டு எடுத்தாள். இன்னொருத்தி, "அண்ணாச்சி, நேத்து ஏன் வரல? வேலயே ஓடல" என்று சத்தம் போட்டாள். வெட்கத்தில் காது சூடானாலும் பாட்டை நிறுத்தவில்லை. நிறுத்தினால் விழுவேன் என்பது எனக்கு நினைவிருந்தது.

பங்குனிக் கடைசியில் டாக்டர் கையெழுத்துப் போட்டார். மேஸ்திரி அண்ணாச்சி அதை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, "பாட்டுக்காரரே, உள்ள போம். சங்கு குவிஞ்சு கெடக்கு" என்றார். கிடங்குக்குள் போய் உட்கார்ந்து, கையில் எடுத்த முதல் சங்கைக் கொஞ்ச நேரம் பிரிக்காமல் வைத்திருந்தேன். பிலோமினா அன்று மெழுகுதிரிகளை மொத்தமாகக் கொண்டுபோய் ஏற்றினாள். கைவிரலால் எண்ண முடியாத அளவு இருந்தது.

டாக்டர் கேட்டுக்கொண்டதால் இதை எழுதினேன். அவரிடம் நெஞ்சு நோயோடு வருகிறவர்கள் படிக்கட்டும் என்றார். அவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நோய் போன பிறகும் உடம்பு தன் பழைய பழக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கும். அதை நமக்குள்ளிருந்து பார்க்க முடியாது. பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். அவர்களிடம் கேளுங்கள், விழுந்தால் மறைக்காதீர்கள்.

முன்பெல்லாம் என் நாள் எழுபது எழுபதாக வெட்டிக் கிடந்தது. ஒரு எழுபதுக்கும் அடுத்த எழுபதுக்கும் நடுவில் இருந்ததை நான் நேரமாகவே நினைத்ததில்லை, அது மூச்சு வாங்கிக்கொள்ளும் இடம் மட்டும். இப்போது எல்லாமே அந்த இடமாக இருக்கிறது. காலையில் கிளம்பிச் சாயங்காலம் திரும்பும் வரை எத்தனை மூச்சு என்று யாரும் எண்ணுவதில்லை. என் உடம்பில் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடக் கொஞ்சம் பிந்தித்தான் ஏறுகிறது. அதற்கு நான் காத்திருக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

போன வாரம் மச்சான் தோணி கிளம்பும் நாள். துறைமுகம் கிடங்குக்குப் போகும் வழியில்தான். "ஏறுங்க" என்றேன். வாழ்க்கையில் முதன்முறையாக அவர் பின்னால் உட்கார, நான் மிதித்தேன். அவர் மடியில் என் தூக்குச்சட்டி. உப்பளம் வந்தது. வாடை அடித்தது, அன்று நல்ல பலம். நான் பாடவில்லை. பாடாமலே போக முடிகிறதா என்று பார்க்க ஆசை.

பாதி தூரம் போனதும் முதுகுக்குப் பின்னால் அவர் பேசினார்.

"மாப்ள, ஒண்ணு சொல்லுதேன். நீ கீழ இருக்கும்போது நாப்பது வரைக்கும் சும்மா எண்ணுவேன். நாப்பதுக்கு மேல போயிட்டா நானும் மூச்ச அடக்கிக்கிடுவேன். நீ கயித்த ஆட்டுத வரைக்கும் விட மாட்டேன்."

"பதினாறு வருசமுமா?"

"பதினாறு வருசமும்."

மணியை அடித்தேன். ஒரு தடவை, நன்றாகக் கேட்கும்படி.

பின்னால் மச்சான் நீளமாக ஒரு மூச்சு விட்டார். அது என் முதுகில் பட்டது.